கும்மிடிப்பூண்டி–தடா பட்டறைகளில் நீர்மூழ்கி ஹல்: எதை நம்பிக் கொடுக்கலாம், எங்கே கூடவே நிற்க வேண்டும்

ஒரே ஆள் உட்கார்ந்து ஓட்டும் சிறு நீர்மூழ்கியைச் சொந்தமாகக் கட்ட இறங்குபவர் மோட்டார், பேட்டரி, விளக்கு எல்லாவற்றையும் எங்கிருந்தும் வரவழைத்துக் கொள்ளலாம். ஹல்லை, அதாவது நீரழுத்தத்தைத் தாங்கும் உடற்கூட்டை மட்டும், ஒரு பட்டறையிடம் கொடுத்தே ஆக வேண்டும். சென்னைக்கு வடக்கே அதற்குத் தோதான இடம், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தொடங்கி எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டி, ஆந்திரப் பக்கம் தடா, ஸ்ரீசிட்டி வரை தேசிய நெடுஞ்சாலை 16-ஐ ஒட்டி இருக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள். ரோலிங் (பிளேட்டை உருட்டி வளைப்பது), டிஷ் எண்ட் (சிலிண்டரின் முனையை மூடும் கிண்ண வடிவத் தகடு), வெல்டிங், ரேடியோகிராபி (வெல்டை ஊடுகதிரால் படம் எடுப்பது), பிளாஸ்டிங் (மணல் பீய்ச்சித் துரு நீக்குவது) எல்லாமே அடுத்தடுத்துக் கிடைக்கும். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார்கள். வரைபடத்தை விரித்து வைத்தால் இரண்டு மொழியிலும் நன்றாகவே புரிந்துகொள்வார்கள். இங்கே எழுதுவது ஏதோ ஒரு பட்டறையைப் பற்றி அல்ல. இந்தப் பகுதியில் பொதுவாக என்ன தரத்தில் வேலை கிடைக்கும் என்பதைப் பற்றி.

வெல்டிங் நன்றாக இருக்கும். டிஷ் எண்டில் பெரிய குறை வராது. ரோலிங்கில் பக்கத்தில் நிற்காவிட்டால் ஹல் வீண். டெஸ்டிங்கில் அவர்கள் வழக்கமாகச் செய்வது நீர்மூழ்கிக்குப் போதாது.

காரணம் எளிது. இவர்கள் ஆண்டுக்கணக்கில் செய்துவருவது ஏர் ரிசீவர், எண்ணெய் டேங்க், பாய்லர் டிரம் போன்ற உள்ளிருந்து அழுத்தம் தள்ளும் சாமான்கள். உள்ளழுத்தம் ஒரு சிலிண்டரை வட்டமாக்கப் பார்க்கும். கொஞ்சம் கோணலாக உருட்டியிருந்தாலும் அழுத்தம் ஏற ஏற அது நேராகும். வெளியழுத்தம் நேர் எதிர். எங்கே தட்டையாக இருக்கிறதோ அந்த இடத்தையே மேலும் மேலும் உள்ளே தள்ளும். தடிமன் குறைந்த ஹல் வெல்டு விட்டு உடைவதைவிட, வட்டம் கெட்ட இடத்தில் மடங்கி நசுங்குவதுதான் முதலில் நடக்கும். ஆகவே பட்டறைக்காரரிடம் முதலில் புரிய வைக்க வேண்டியது வட்டத்தைப் பற்றித்தான்.

கணக்குக்கு ஒரு ஹல்லை எடுத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 1000 மி.மீ., சிலிண்டர் நீளம் 2200 மி.மீ., இரு பக்கமும் அரைக்கோள டிஷ் எண்ட், மேலே 600 மி.மீ. விட்டமும் 500 மி.மீ. உயரமும் உள்ள கோபுரம், ஓடும் ஆழம் 30 மீட்டர். உள்ளே வளையம் எதுவும் இல்லாமல் இந்தச் சிலிண்டரை 6 மி.மீ. பிளேட்டில் செய்தால், குறையில்லாத வட்டமாக இருந்தாலும், சூத்திரப்படி நசுங்கும் ஆழம் சுமார் 60 மீட்டர். 8 மி.மீ. என்றால் 120 மீட்டர். 10 மி.மீ. என்றால் 210 மீட்டர். தடிமனின் 2.5 அடுக்கு (பவர்) கணக்கில் பலம் ஏறுகிறது. அதே 10 மி.மீ. சிலிண்டருக்குள் 500 மி.மீ. இடைவெளியில் நான்கு வளையம் வைத்துவிட்டால் மடங்குவது பின்னுக்குப் போய்விடும். ஸ்டீலின் யீல்டுதான் (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அளவு) எல்லை, அது 500 மீட்டர் அளவில். இவை எல்லாம் வட்டம் சரியாக இருந்தால் வரும் எண்கள். 6 மி.மீ. சிலிண்டரில் வட்டம் கெட்டால் அந்த 60 மீட்டரில் எவ்வளவு மிஞ்சும் என்று யாராலும் உறுதி தர முடியாது.

“30 மீட்டருக்கு எதுக்கு சார் 10 எம்எம்?” என்று கேட்பார்கள். பதில் எடைக் கணக்கில் இருக்கிறது. இந்த ஹல் ஒதுக்கும் நீர் 2.4 டன், மூழ்க வேண்டுமானால் மொத்த எடையும் 2.4 டன் ஆக வேண்டும். 10 மி.மீ. ஹல், டிஷ் எண்ட், கோபுரம், வளையங்கள் எல்லாம் சேர்த்து 1100 கிலோ. ஆள், பேட்டரி, மோட்டார், ஃபிரேம் எல்லாம் 650 கிலோ என்று வைத்தாலும் இன்னும் 600 கிலோவுக்கு மேல் ஈயம் கட்ட வேண்டும். 6 மி.மீ.க்கு இறங்கினால் சிலிண்டரில் மட்டும் 215 கிலோ குறையும், அதையும் ஈயமாக வாங்கிக் கட்ட வேண்டிவரும். ஈயம் கிலோவுக்கு ஸ்டீலைவிடப் பல மடங்கு விலை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஈயம் அடியில் இருப்பதால் படகு நிமிர்ந்து நிற்கிறது, தடிமனைக் கூட்டிக்கொண்டே போய் ஈயமே இல்லாமல் செய்தால் நிலைப்பு கெடும். அமெரிக்கக் கடற்படையில் நீர்மூழ்கிக் கேப்டனாக இருந்த ஜார்ஜ் கிட்ரெட்ஜின் கே-250, கே-350 வடிவமைப்புகள் வீட்டில் கட்டுபவர்களிடையே இன்றும் பேசப்படுகின்றன. பெயரில் உள்ள எண் அடிக்கணக்கில் ஆழம்: 76 மீட்டர், 107 மீட்டர். உங்கள் அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்க நல்ல ஒப்பீடு.

பிளேட்டைப் பட்டறையிடம் வாங்கச் சொல்லாதீர்கள். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் வழியில்தான் இருக்கிறது. எஸ்ஏ 516 கிரேடு 70 அல்லது குறைந்தது ஐஎஸ் 2062 இ250 பிஆர், மில் டெஸ்ட் சர்டிபிகேட்டோடு நீங்களே எடுங்கள். சர்டிபிகேட்டில் உள்ள ஹீட் நம்பரும் (எந்த உலை வார்ப்பு என்று காட்டும் எண்) பிளேட்டில் பஞ்ச் அடித்திருப்பதும் ஒன்றா என்று லாரியில் ஏற்றும் முன் பாருங்கள். வெட்டும்போது ஒவ்வொரு துண்டுக்கும் அந்த நம்பரை மாற்றிப் பஞ்ச் அடிக்கச் சொல்ல வேண்டும்; கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள். கோபுரத்துக்காக ஓட்டை போடப்போகும் இடத்தைச் சுற்றி அல்ட்ராசோனிக் வைத்து லேமினேஷன் (பிளேட்டுக்குள் அடுக்குப் பிரிந்திருப்பது) இருக்கிறதா பார்ப்பது சின்னச் செலவு. விடாதீர்கள்.

இனி ரோலிங். மொத்த வேலையும் இதில்தான் நிற்கிறது.

சிலிண்டரை 1100 மி.மீ. அகலத்தில் இரண்டு வளைவாக உருட்டிச் சேர்ப்பதுதான் வழக்கம். சராசரி விட்டம் 990 மி.மீ., சுற்றளவு 3110 மி.மீ. சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் 1500 × 6300 பிளேட்டில் 3110 நீளத்துக்கு இரண்டு துண்டு கச்சிதமாக விழுகிறது. சிக்கல் அங்கேயே ஆரம்பம். மூன்று உருளை மெஷினில் பிளேட்டின் இரு முனையும் வளையாமல் தட்டையாகவே நிற்கும். கீழ் உருளைகளின் இடைவெளியில் ஏறக்குறைய பாதி அளவுக்கு. அந்த முனைகளை அப்படியே சேர்த்து வெல்டு வைத்தால் சீம் (இணைப்புக் கோடு) ஓடும் நீளம் முழுக்க வட்டம் கூரை முகடு போல வெளியே துருத்தும். இதைத் தவிர்க்க மூன்று வழி: முனைகளை முதலில் பிரஸ்ஸில் வைத்து வளைத்துக்கொள்வது, நான்கு உருளை மெஷின் இருக்கும் இடத்துக்குப் போவது, அல்லது இரு முனையிலும் 150 மி.மீ. கூடுதலாக வைத்து உருட்டிவிட்டு அதை வெட்டி எறிவது. மூன்றாவது வழிக்கு ஒரு துண்டுக்கு 3410 மி.மீ. வேண்டும், ஒரு பிளேட்டில் இரண்டு துண்டு வராது. “எதுக்கு சார் இன்னொரு பிளேட், வெல்டு அடிச்சு மறுபடி ரோலர்ல விட்டா சரியாயிடும்” என்பார்கள். மறுபடி விட்டால் ஓரளவு சரியாகும், முழுக்க ஆகாது. முனையை வளைத்துக்கொண்டு, சீம் வெல்டு முடிந்து கேப்பை (மேலே துருத்தும் வெல்டை) கிரைண்ட் செய்தபின் மறுபடியும் உருட்டுவதே சரியான முறை. அதை வேலை உத்தரவில் எழுத்தில் போடுங்கள்.

டெம்பிளேட்டை நீங்களே கொண்டுபோங்கள். பட்டறையில் இருப்பது பல வேலைக்குப் பயன்பட்டுத் தேய்ந்த தகரம். 3 மி.மீ. ஷீட்டில் லேசரில் வெட்டியது, ஆரம் 490 மி.மீ., நாண் 450 மி.மீ.க்குக் குறையாமல். சிலிண்டருக்குள் அதை வைத்துப் பின்பக்கம் டார்ச் பிடித்தால் போதும்: சரியான இடத்தில் ஒளி மெல்லிய கோடாகக்கூட வராது, சீமில் வைத்தால் இரு ஓரமும் தொட்டுக்கொண்டு நடுவில் வெளிச்சம் பிறைபோல் தெரியும். அந்த இடைவெளியில் ஃபீலர் கேஜ் நுழைத்து எண்ணைச் சாக்பீஸில் ஹல்லின் மேலேயே எழுதுங்கள். நீளவாக்கில் 150 மி.மீ.க்கு ஒரு முறை, சுற்றளவில் 16 இடம். இதைக் கண்ணால் பார்த்ததும் ரோலிங் ஆபரேட்டருக்கு விஷயம் புரிந்துவிடும். அதன்பின் “இன்னும் அரை பாஸ் விடலாம் அண்ணே” என்று அவரே சொல்லுவார். இந்த ஊர் ஆபரேட்டர்களின் கை அவ்வளவு நல்லது. எதை நோக்கிப் போக வேண்டும் என்று காட்டத்தான் ஆள் வேண்டும்.

அளவில் ஒரு தகராறு நிச்சயம் வரும். பிரஷர் வெசல் கோடில் (அழுத்தக் கலன்களுக்கான விதிமுறையில்) பெரிய விட்டத்துக்கும் சின்ன விட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சதவீதம் வரை அனுமதி. 1000 மி.மீ.க்கு அது 10 மி.மீ. பட்டறைக்காரர் கோடின்படி சரி என்று சொல்வது பொய்யல்ல. ஆனால் நீர்மூழ்கி ஹல்லுக்கு வைத்துக்கொள்ள வேண்டியது ஆரத்தில் அரை சதவீதம்: 500-க்கு 2.5 மி.மீ. விலகல், அதற்கு மேல் கூடாது. இதற்குக் கூடுதல் கூலி தருவதாக முன்பே பேசிவிடுங்கள். இங்கே கூலி பெரும்பாலும் கிலோ கணக்கு. கிலோ கணக்கில் வட்டத்துக்காக ஒருவர் மூன்று மணி நேரம் மெனக்கெட்டால் அவருக்கு நஷ்டம்தான். ரோலிங்கை மட்டும் தனி வரியாக, தனி விலையாகப் போடுவது இரு தரப்புக்கும் நியாயம்.

உருட்டிய சிலிண்டருக்குள் வைக்கும் குறுக்குத் தாங்கலை, அவர்கள் சொல்லும் ஸ்பைடரை, உள்வளையங்கள் முழுக்க வெல்டு ஆகும்வரை எடுக்க விடாதீர்கள். அடுத்த வேலைக்கு வேண்டுமென்று சீக்கிரமே பிரித்துவிடும் பழக்கம் உண்டு. இன்னொரு பழக்கம் இதைவிட மோசம்: சேர்ப்பதற்காக வெல்டு வைத்த தற்காலிக லக்கை (பிடிப்புத் துண்டை) வேலை முடிந்ததும் சம்மட்டியால் ஒரே அடியில் பெயர்ப்பது. அது போகும்போது பிளேட்டிலிருந்து சதையைப் பிய்த்துக்கொண்டு போகும். கட்டரால் 3 மி.மீ. மேலே வெட்டி, மீதியைக் கிரைண்ட் செய்து, அந்த இடத்தில் டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிஷ் எண்ட் ரெடிமேடாகவும் வரும், ஆர்டருக்கும் வரும். டோரிஸ்பெரிக்கல் (ஆழம் குறைந்த கிண்ண வடிவம்) மலிவு, உடனே கிடைக்கும் என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். வெளியழுத்தத்துக்கு அரைக்கோளமே சிறந்தது. இடம் போதாதென்றால் 2:1 நீள்வட்டம். அழுத்தி வடிக்கும்போது பிளேட் மெலியும், அதனால் 10 மி.மீ. கடைசியில் நிற்க வேண்டுமானால் 12-ல் ஆர்டர் கொடுத்து, வந்ததும் தடிமன் மீட்டரால் வளைவு நெடுக அளந்து வாங்குங்கள். முக்கியமான வரிசை ஒன்று உண்டு. முதலில் டிஷ் எண்ட் வரட்டும். அதன் சுற்றளவை டேப்பால் அளந்து, சிலிண்டரின் சுற்றளவை அதற்குப் பொருந்த வெட்டச் சொல்லுங்கள். தலைகீழாகச் செய்தால் விளிம்பு 3, 4 மி.மீ. ஏறி இறங்கி நிற்கும். வெல்டர் அதைத் தட்டி, சூடுகாட்டி, இழுத்துச் சேர்ப்பார். அங்கே வட்டம் போச்சு.

வெல்டிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதுவே பாராட்டு. மணலி சுத்திகரிப்பு ஆலை வேலை பார்த்த கைகள் நிறைய. டிக் முறையில் ரூட் (அடி வெல்டு), மேலே இ 7018 ராடு, உள்பக்கம் பேக் கௌஜிங் செய்து (சுரண்டி எடுத்து) மறுவெல்டு: கேட்டால் ஒழுங்காகச் செய்வார்கள். கண் வைக்க வேண்டியது ராடு அடுப்பில். புலிகாட் ஏரிக்காற்றும் கடல்காற்றும் சேர்ந்த ஈரத்தில், பிரித்த பாக்கெட் ராடு ஒரு பகல் வெளியே கிடந்தால் ஈரத்தைக் குடித்துவிடும். 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சுட்டு, வெல்டர் கையில் இருக்கும் சூட்டுப்பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அடுப்புக்குள் டிபன் பாக்ஸ் இருந்தால் அந்தப் பட்டறைக்கு வேறு வேலை கொடுங்கள். நீள சீம், சுற்று சீம் எல்லாவற்றுக்கும் நூறு சதவீத ரேடியோகிராபி. காமா சோர்ஸ் கொண்டு வரும் ஏஜென்சி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் (ஏஇஆர்பி) உரிமம் உள்ளதா என்று பார்த்து, ஆட்கள் போனபின் ராத்திரியில் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். கோபுரம் ஹல்லோடு சேரும் மூலை வெல்டில் படம் சரியாக வராது. அங்கே அல்ட்ராசோனிக்கும் மேக்னடிக் பார்ட்டிக்கிள் (காந்தத் துகள்) சோதனையும்.

அந்தக் கோபுர ஓட்டை பெரியது. 1000 விட்ட ஹல்லில் 600 விட்டத்தை வெட்டி எடுக்கிறோம். எடுத்த சதைக்கு ஈடாகக் கோபுரச் சுவரின் அடிப்பகுதியை 16 அல்லது 20 மி.மீ. பிளேட்டில் போட்டு, ஹல்லுக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டு இருக்கும்படி இருபுறமும் முழு ஊடுருவல் வெல்டு வைக்க வேண்டும். மேலே சும்மா உட்காரவைத்து ஃபில்லெட் (மூலையில் மட்டும் வெல்டு) அடிப்பதே இங்குள்ள சுலப வழி, ஒத்துக்கொள்ளாதீர்கள். ஹேட்ச், ஜன்னல் இருக்கை ஆகியவற்றின் முகத்தை எல்லா வெல்டும் முடிந்தபின்தான் மெஷின் செய்ய வேண்டும், 3 மி.மீ. அலவன்ஸ் விட்டு வையுங்கள். முன்கூட்டியே லேத்தில் கடைந்து கொண்டுவந்து வெல்டு வைத்தால் முகம் முறுக்கிக்கொள்ளும், ஓ-ரிங் எவ்வளவு மாற்றினாலும் கசியும். தளத்துக்கே வரும் போர்ட்டபிள் ஃபேசிங் மெஷின் மணலி ஒப்பந்தக்காரர்களிடம் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். ஜன்னலுக்கான அக்ரிலிக்கை விளம்பரப் பலகைக் கடையில் வெட்டி வாங்குவது கூடவே கூடாது. காஸ்ட் ஷீட்டாக இருக்க வேண்டும், விளிம்பு லேசரில் அல்லாமல் மெஷினில் வெட்டிப் பாலிஷ் ஆகியிருக்க வேண்டும், அதன்பின் அனீல் செய்திருக்க (சூடாக்கி மெல்ல ஆறவிட்டிருக்க) வேண்டும். பட்டறையில் யாராவது அன்போடு தின்னர் போட்டுத் துடைத்துவிட்டால் நூல்நூலாகக் கீறல் ஓடும், அந்த ஜன்னல் அவ்வளவுதான்.

டெஸ்டிங். ஹல்லுக்கு ரெட் ஆக்சைடு அடிப்பதற்கு முன் எல்லா டெஸ்டும் முடிய வேண்டும். பெயிண்ட் சின்ன ஓட்டைகளை அடைத்து நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிடும். பட்டறை செய்து தருவது உள்ளே நீர் நிரப்பி 4.5 பார் வரை ஏற்றும் ஹைட்ரோ டெஸ்ட். கசிவு கண்டுபிடிக்க நல்லது, செய்யுங்கள். ஆனால் ஹேட்ச், ஜன்னல் எல்லாம் வெளியிலிருந்து அழுந்தும்படி அமைந்தவை. உள்ளிருந்து 4.5 பாரில் 600 மி.மீ. ஹேட்சை 13 டன் விசை வெளியே தள்ளும். ஆகவே அவற்றைக் கழற்றிவிட்டு, போல்ட் போட்ட பிளாங்க் தகடு கொண்டு மூட வேண்டும். காற்று நிரப்பி அழுத்தம் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே தடுத்துவிடுங்கள். நீர் பிளந்தால் சிந்தும், காற்று பிளந்தால் ஆளைக் கொல்லும். இந்த டெஸ்டில் தேறியதால் ஹல் 30 மீட்டரில் நசுங்காது என்று அர்த்தமில்லை. அதை அடுத்த சோதனைதான் சொல்லும்.

ஹேட்ச், ஜன்னல் எல்லாம் பூட்டியபின் உள்ளே ஆளில்லாமல் வேக்கம் கிளீனர் வைத்து 0.2 பார் உறிஞ்சி மூடிவையுங்கள். இரண்டு மீட்டர் ஆழத்துக்குச் சமம். கேஜ் அரை மணி நேரம் நகராமல் இருக்க வேண்டும். இதைச் சூரியன் எழுமுன் செய்யுங்கள். வெயில் ஹல்லில் பட்டால் உள்காற்று சூடேறி, கசிவே இல்லாதபோதும் கேஜ் ஏறும்.

கடைசியில் ஆளில்லாமல் 37.5 மீட்டருக்கு, அதாவது ஓடும் ஆழத்தின் ஒன்றேகால் பங்குக்கு, இறக்கிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் புலிகாட் ஏரி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான், பறவைகள் சரணாலயம் வேறு, ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளமும் அருகில். கடலில் எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுக எல்லைகள். 2025 தொடக்கத்தில் சமுத்ரயான் என்ற ஆழ்கடல் திட்டத்தின் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கி நீர்ச் சோதனைக்கு இறங்கியது காட்டுப்பள்ளியில்தான், ஆனால் அது அரசுத் திட்டம். தனியாருக்கு எழுத்துமூல அனுமதி இல்லாமல் அங்கே எதுவும் நடக்காது. கைவிட்ட ஆழமான கல்குவாரி ஒன்று, அதன் உரிமையாளரின் அனுமதி, விளிம்பில் நிற்க உறுதியான தரை, ஒரு கிரேன்: இவை கிடைத்தால் அதுவே நல்ல இடம். காலி ஹல் 1100 கிலோ, மிதப்பு 2400. எனவே மூழ்க 1300 கிலோவுக்கு மேல் வேண்டும். கான்கிரீட் கட்டினால் நீருக்குள் அதன் எடை 40 சதவீதம் போய்விடும் என்பதால் 2.2 டன்னுக்கு மேல் கட்ட வேண்டும். ஹல்லில் நீர் புகுந்துவிட்டால் மேலே தூக்கும்போது 6 டன்னை நெருங்கும். கிரேனையும் ஸ்லிங்கையும் அந்த எடைக்குப் பாருங்கள். எடுத்தபின் பழைய சாக்பீஸ் இடங்களில் டெம்பிளேட்டை மறுபடி வைத்து எண்களை ஒப்பிடுங்கள். ஒரு எண்கூட மாறியிருக்கக் கூடாது.

பில் விஷயம் சுருக்கமாக. பிளேட் தமிழ்நாட்டில், பட்டறை தடாவில் என்றால் எல்லை தாண்ட டெலிவரி சலானும் இ-வே பில்லும் வேண்டும். பட்டறையே பார்த்துக்கொள்ளும், ஆனால் லாரி கிளம்பும் முன் கையில் வாங்கிப் பாருங்கள். பொங்கல், சங்கராந்தி, உகாதி, ஆயுத பூஜை, தீபாவளி, வடநாட்டு ஆட்களுக்கு ஹோலி என்று இரு பக்கமும் விடுமுறை நாட்கள் வேறுபடும். விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் சீம் வெல்டு ஆரம்பிக்க விடாதீர்கள். ஊருக்கு ரயில் பிடிக்கும் அவசரத்தில் கடைசி பாஸ் ஓடும்.

ஹல் கேட்டைத் தாண்டும் முன் வாங்க வேண்டியவை: மில் சர்டிபிகேட், ரேடியோகிராபி ஃபிலிம்கள், வெல்டரின் தகுதிச் சான்று நகல், டெம்பிளேட் எண்களை எழுதிய தாளில் பட்டறையின் கையெழுத்து. கூடவே அதே ஹீட் நம்பர் பிளேட்டில் மிஞ்சியதிலிருந்து ஓர் அரை மீட்டர் துண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு லக்கோ பிராக்கெட்டோ வைக்க, புது வெல்டரைச் சோதித்துப் பார்க்க, வேறு பிளேட் தேட வேண்டியிருக்காது.